மாடி வீட்டுப் போன், எங்கள் வீட்டு டிவி

இன்று சாயங்காலம் ஓசூர் மத்திகிரி வீட்டில் புது ஸ்மார்ட் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று திரையில் ஏதோ அனுமதி கேட்டது. என் கணவர் ரிமோட்டில் ஓகே அழுத்திவிட்டார்.

படம் போய், யாருடைய போனோ திரை முழுக்க வந்தது. வாட்ஸ்அப் திறந்திருந்தது. மேலே என் பெயர்!

பழைய மெசேஜ்களைப் பார்த்ததும் புரிந்தது, மாடியில் குடியிருக்கும் செல்வியின் போன் அது. தென்காசிப் பெண். கம்பெனியில் நான் லைன் லீடராக இருக்கும் உற்பத்தி லைனில்தான் அவளுக்கும் வேலை; லீவும் என்னிடம்தான் கேட்க வேண்டும். அவள் வீட்டிலும் இதே மாடல் டிவிதான்.

அவள் டைப் செய்வது எழுத்து எழுத்தாகப் பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா, அம்மா மொத தடவையா ஓசூர் வாராங்க. நாளைக்கு லீவு வேணும்."

அழித்தாள்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல்."

அதையும் அழித்தாள்.

"அக்கா, பெரியப்பா தவறிட்டாங்க."

அனுப்பிவிட்டாள். என் போன் டிங் என்றது.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லி லீவு கேட்க முடியாத அளவுக்கா நான் கடுகடுப்பாக இருக்கிறேன்?

பதில் போட்டேன்: "லீவு எடுத்துக்கோ. அம்மாவுக்கு ஊரச் சுத்திக் காட்டு. பெரியப்பாவ எழுப்பி உக்கார வை. உன் போனு எங்க டிவில ஓடுது."

திரை சட்டென்று கறுத்தது. அடுத்த நிமிஷம் செல்வி எங்கள் வாசலில்.

"அக்கா, எங்க டிவின்னு நெனச்சுல்லா கனெக்ட் பண்ணேன்!"

"சரி சரி, நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு இங்கயே சாப்பிட வந்துடு" என்றேன்.

என் லைன் தோழிகளே, இதுவரை நீங்கள் லீவுக்காகப் பறிகொடுத்த உறவினர்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள்? கமெண்டில் தைரியமாகச் சொல்லலாம், லீவு கட் ஆகாது.