காய்ச்சிய பேட்

எங்கள் இசைக்குழுவில் பேட் வாசிப்பவர் தாட்சாயணி. நகரியில் ஆறு விசைத்தறி ஓடும் வீட்டுக்காரி. அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டே, மூன்றாவது தறியில் இழை அறுந்துவிட்டதென்று கணவர் திருவேங்கடத்துக்குக் குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் அறுந்துதான் இருக்கும். அப்படியொரு காது. பெங்களூருக்கு வேலைக்குப் போன தம்பி, வாசித்துச் சலித்த எலக்ட்ரானிக் பேடை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போக, யூடியூபைப் பார்த்து ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டார். நான் கீபோர்டு. இருபது வருஷமாக வாசிக்கிறேன், இன்னும் திட்டு வாங்குகிறேன். அந்தப் பொறாமையையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேட் என்பது எட்டு ரப்பர் கட்டங்கள் உள்ள ஒரு பெட்டி. எந்தக் கட்டத்தில் என்ன சத்தத்தை ஏற்றுகிறோமோ, குச்சியால் தட்டினால் அது கேட்கும். தபேலா, டோலக் எல்லாம் உள்ளேயே இருந்தன. குறை சொல்ல முடியாது. தப்பு என்கிற பறைச் சத்தம் மட்டும் இல்லை. யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய தப்புச் சத்தத்தை ஏற்றிக்கொண்டு புத்தூர் கல்யாணத்தில் வாசித்தார். ஆட வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பால் டப்பாவைத் தட்டுகிறார்கள் என்று ஒருவன் கத்த, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது வேனில் குழுத் தலைவர் சம்பத் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் திருப்பதியில் கல்யாணம், தப்புப் பாட்டு இரண்டு கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் இதே கதை என்றால் வேலூரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்.

தாட்சாயணி அழுதுகொண்டிருக்கவில்லை. மறுநாளே தப்புக் கலைஞர் செங்கல்வராயனிடம் போய், அவருடைய அடியைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவரும் சரி என்றார். ஆனால் நகரியில் எங்கே பதிவு செய்வது? தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அது ஓய்வது கரண்ட் போகும்போது மட்டும்தான். அடுத்த முறை கரண்ட் போனபோது ஊரே லைன்மேனைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் சிரித்த முகத்தோடு செங்கல்வராயனுக்குப் போன் போட்டார். ஜன்னல்களைச் சாத்தி, நூல் மூட்டைகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்துப் போனிலேயே பதிவு செய்தார்.

பேட் ஏற்றுக்கொள்ளும் ஃபைலாக மாற்றி, பென்டிரைவில் போட்டு ஏற்றிக் கேட்டால், சத்தம் சுத்தமாக இருந்தது. உயிர்தான் இல்லை. இந்தத் தடவை வாட்ஸப்பைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மூன்று நாள் அதையே போட்டுப் போட்டுக் கேட்டார். திருவேங்கடம் மூன்று நாளும் தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார். நான்காம் நாள் தாட்சாயணி அதைச் செங்கல்வராயனிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்.

"காய்ச்சாத தப்பு எப்பிடிம்மா பேசும்?" என்றார் அவர். "நூல் கீற வூட்ல நெருப்பு வெக்கச் சொல்றதான்னு நாந்தான் சும்மா இருந்துட்டேன்."

நெருப்பில் காட்டி, தோல் சூடேறி விறைத்தால்தான் தப்பு கணீரென்று கேட்கும். அவர் மரியாதை கருதிச் சொல்லாமல் விட்டார், இவர் அவசரத்தில் யோசிக்கவில்லை. அடுத்த கரண்ட் கட்டுக்கு ஊர் ஓரத்துக் களத்தில் வைக்கோலைக் கொளுத்தினார்கள். ஓங்கிய அடி, நடுத்தர அடி, மெல்லிய அடி என்று ஒவ்வொன்றையும் பலமுறை அடிக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். ஒரே அடி மாறாமல் வந்தால் மிஷின் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கண் இமைக்கும் நேரம் சத்தமே இல்லாமல் இருந்தது. அதையும் காதாலேயே கண்டுபிடித்து வெட்டினார். இல்லையென்றால் குச்சி விழுந்த பிறகு சத்தம் நொண்டிக்கொண்டு வரும்.

திருப்பதிக் கல்யாணத்தன்று பிடித்துக்கொண்டது மழை. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருந்ததும் செங்கல்வராயன் செட்டுதான். ஐந்து தப்புகளும் நனைந்து தொய்ந்துபோயின. மண்டபத்துக்குள் நெருப்பு கூடாதென்று மேனேஜர் தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

மேடையில் சம்பத் தப்புப் பாட்டுக்குச் சைகை காட்டினார். தாட்சாயணி குச்சியை எடுத்தார். குச்சி விழுந்தது. முதல் அடியிலேயே என் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் வந்து அடித்தது அந்தச் சத்தம். பெண் வீட்டார் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆட, மாப்பிள்ளை மாலையோடு இறங்கிவிட்டார். சம்பத் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வேலூர்க்காரர் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் செங்கல்வராயன் எச்சில் கையோடு சாப்பாட்டு ஹாலிலிருந்து ஓடிவந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் நான்கு பேரும்.

"என் ஆளுங்க நாலு பேரும் எங்கூடத்தான் கீறாங்க. அப்ப எவன் அடிக்கறான்?" என்று கேட்டுக்கொண்டே மேடையைப் பார்த்தார்.

தாட்சாயணி மைக்கை வாங்கினார். "இது செங்கல்வராயன் அண்ணன் அடி. தோ நிக்கறாரே, அவருது. நான் பேட்ல ஏத்தினேன், அவ்ளோதான்."

மண்டபம் முழுக்கத் திரும்பி அவருக்குக் கைதட்டியது. செங்கல்வராயன் கையைக் கழுவிக்கொண்டு மேடையேறினார். தப்பு காய்ந்துவிட்டதா என்று தோலைத் தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி பேடின் ரப்பரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடாத்தான் கீது. அடிம்மா," என்றார்.