மூன்று முறை அடித்து நிற்கும் போன்

தங்கமுத்துவின் புருசன் குஞ்சித்தம்பி போனில் கதைப்பதில்லை. மூன்று முறை மணி அடிக்கவிட்டு வெட்டிவிடுவான். ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அடித்தவனுக்கும் காசு, எடுத்தவனுக்கும் காசு. கம்பனிக்காரன் இரண்டு பக்கமும் உறிஞ்சினான். சனம் மிஸ்கோலில் குடும்பம் நடத்தியது.

வெருகல் பக்கத்துக் கரையோரக் கிராமம் அவர்களுடையது. மாடும் கொஞ்சம் வயலும். தங்கமுத்து வயிற்றுக் கட்டியை எடுக்கத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டியை எடுத்த கிழமையே சண்டை தொடங்கி, பாதை பூட்டிவிட்டது. அன்புவழிபுரத்தில் புருசனின் தங்கை பூரணி வீட்டில் தங்கினாள். மாடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று குஞ்சித்தம்பி அங்கேயே நின்றான்.

ஊரில் சிக்னல் பிடிப்பது ஒரே இடத்தில்தான். களப்போரத்துப் பாலை மரத்தின் உச்சிக் கொப்பு. பின்னேரம் மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அவன் அதில் ஏறுவான். இங்கே தங்கமுத்து போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். மூன்று மணி. பிறகுதான் உலை வைப்பாள்.

“மணி அடிக்காட்டி என்ன செய்வீங்கள், மச்சாள்?” என்று பூரணி ஒருநாள் கேட்டாள்.

“நடந்தெண்டாலும் போவன்.”

வெறும் கதையில்லை. போகிறவள்தான். குஞ்சித்தம்பிக்கும் அது தெரியும்.

அப்துல் மஜீத் குறிஞ்சாக்கேணியில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஆள். ஒரு காலை சூடைமீனை நிறுத்துக்கொண்டே புறுபுறுத்தார்.

“மூதூரில இரிக்கிற எண்ட மச்சினனோட ஒரு கதை கதைக்க ஏலாமக் கிடக்கு. அங்கால டவர் எல்லாத்தையும் நிப்பாட்டி எத்தின நாளாப் போச்சு. வெருகல் வரைக்கும் செத்த போன்தான்.”

“என்ர மனுசன் நேற்றும் அடிச்சவர், நானா.”

மஜீத்தின் கை தராசில் நின்றது. “அங்கரிந்து அடிக்க ஏலாது, புள்ள. அப்ப ஜின்னுதான் அடிச்சிரிக்கணும்.” சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

டவரை நிறுத்தச் சொன்னவரின் வீட்டுப் போன் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும். அது கிடக்கட்டும்.

அன்று பின்னேரம் போன் அடித்தது. புருசனின் நம்பர்தான். இரண்டாவது மணியில் தங்கமுத்து எடுத்துவிட்டாள். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவன் சொல்லை மீறியது அன்றுதான்.

“இஞ்சாருங்கோ?”

வெட்டவும் இல்லை. மூச்சு மட்டும். அதற்குப் பின்னால் வேறொரு சத்தம். டக்... டக்... டக். சந்தியில் நெல் குத்தி மிளகாய் அரைக்கும் மில்லின் பெல்ட்டில் தைத்த இடம், சுழலும் சில்லில் தட்டும் சத்தம். அவளுடைய மற்றக் காதிலும் அதே சத்தம் கேட்டது. போனுக்குள்ளும் மில், வீட்டு வாசலிலும் மில்.

போனைக் காதில் இருந்து எடுக்காமலே படலையைத் திறந்து நடந்தாள். நடக்க நடக்க இரண்டு சத்தமும் நெருங்கின. மில்லின் பின்பக்கம் போனபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

உமிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவன் குந்திக்கொண்டிருந்தான். கையில் குஞ்சித்தம்பியின் போன். ஒட்டும் கறுப்பு ரேப் சுற்றியது, அவளே சுற்றிக் கொடுத்தது. ஆள் கதிராமன். அவள் புருசனோடு மாடு மேய்த்தவன்.

“அவர் எங்க, கதிராமு?”

கதிராமன் போனை நெஞ்சோடு பொத்தினான். “ஷெல் விழுந்ததக்கா. உங்களுக்கு மணி அடிச்சுப்போட்டு மரத்தால இறங்கினவர். அரை மணித்தியாலம் உயிர் கிடந்தது. ‘பின்னேரத்தில நீ அடி. அடிக்காட்டி அவள் தேடி வந்து இஞ்ச சாவாள்’ எண்டு போனைத் தந்தவர். காட்டால வந்து இஞ்ச ஒளிச்சிருக்கிறன். டவர் நிண்டது எனக்குத் தெரியாதக்கா.”

“எங்க புதைச்சனீங்கள்?”

“பாலைக்குக் கீழதான்.”

அவள் அழவில்லை. யோசித்தாள். அந்த நாளில் ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆமிக்குப் பதிந்து கொடுக்கவேண்டும். பதிவில்லாதவன் பிடிபட்டால் போனதுதான். குஞ்சித்தம்பி செத்தான் என்று அவள் ஒப்பாரி வைத்தால், யார் சொன்னது என்று கேள்வி வரும். சொன்னவனுக்குப் பதிவில்லை. அவன் உயிர் தப்ப வேண்டுமென்றால் அவள் புருசன் சாகக்கூடாது.

“நிப்பாட்டாதை. நாளைக்கும் அடி,” என்றாள்.

வீட்டுக்கு வந்தாள். பூரணி குசினிக்குள் இருந்து கேட்டாள். “அண்ணன் அடிச்சவரே?”

“ஓம், அடிச்சவர்.” நெற்றியில் பொட்டோடு உலை வைத்தாள்.

மாரி முழுக்க அப்படித்தான் போனது. செத்தவன் தினமும் மணி அடித்தான். மூன்றாவது மணி ஓயும்வரை அவளுக்கு மூச்சு வராது. அது கதிராமனின் உயிருக்கும் சேர்த்து அடித்த மணி. சில நாட்களில், பாலையில் ஏறி இருப்பது புருசன்தான் என்று அவளே நம்பியும்விட்டாள். இன்றைக்கு அங்கே மழையாக்கும், கொப்பு வழுக்குமே என்று பூரணியிடம் சொல்லிக் கவலைப்பட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் ஆமிக்காரர் சந்தியைச் சுற்றி வளைத்தார்கள். மில்லுக்கு முன்னால் ஒரு வான் வண்டி நின்றதாகச் சனம் சொன்னது. தங்கமுத்து வெளியே போகவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமான நேரத்துக்கு அடித்தது. புருசனின் நம்பர்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவதும் அடித்தது.

ஐந்து. ஆறு. வேறு யாரோ ஒருவன் அவள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.

“எடுங்கோவன் மச்சாள், அண்ணன் கதைக்கப்போறார் போல,” என்று பூரணி ஓடிவந்தாள்.

தங்கமுத்து போனின் முதுகைத் திறந்து பற்றறியைக் கழற்றினாள். வீடு அமைதியானது. சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள். இனி அவள் காப்பாற்ற வேண்டியவர் ஒருவரும் இல்லை.

“பூரணி, இப்பிடி இரு,” என்றாள். “உன்ர அண்ணன் செத்துப்போனார்.”