நான்கு கட்டங்களிலும் கையெழுத்து

பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இன்னொருக்கா மேடம்’. பதினாறு வருடங்களாக, எந்தப் பல்லைக் காட்டினாலும் “நல்லாருக்கு, இன்னொருக்கா பாரு” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் முப்பது நாற்காலிகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் என்றான பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேர் சிகிச்சைத் தாளில் நான்கு கட்டங்கள்: மரத்துப்போக ஊசி, பல்லைத் திறப்பது, வேரின் நீளம் அளப்பது, அடைப்பது. ஒவ்வொன்றையும் ஆசிரியர் வந்து பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். நம்பிக்கையான பிள்ளை என்றால், ஊசியைப் பார்த்த கையோடு மேடம் நான்கிலும் இழுத்துவிடுவார். திரும்பத் திரும்ப நடப்பது மிச்சம்.

அப்படி நம்பிக்கையானவர்களில் முதல் ஆள், இறுதியாண்டு மாணவி ‘பூனை’. வருவதும் போவதும் தெரியாது. அன்று எக்ஸ்ரேயும் தாளுமாக மேசையருகே வந்து நின்றாள்.

“மேடம், ஃபைல் உடைஞ்சிருச்சு. முனை வேருக்குள்ளயே நிக்குது.”

வேரைச் சுத்தம் செய்யும் மயிரிழைக் கம்பி அது. யார் கையிலும் உடையும். மேடத்தின் கண் போய் நின்றது தாளில்தான். இன்னும் அடைக்காத பல்லுக்கு, நான்காவது கட்டத்தில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. உடைந்ததை எழுதினால் தாள் துறைத்தலைவருக்குப் போகும். பதவி உயர்வுப் பட்டியலும் அந்த வாரம் அவர் மேசையில்தான் இருந்தது.

பக்கத்து மேசை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “நாலும் போட்டாச்சுல்ல? அடைச்சு அனுப்புங்க. பூசணிக்காயத்தான் சோத்துல மறைக்க முடியாது. இது கடுகு!”

பூனை குரலைத் தாழ்த்தினாள். “புதுத் தாள்ல எழுதிட்டு வரவா மேடம்? உடைஞ்சத எழுதிடறேன். உங்க பேரு எதுக்கு இதுல?”

தன் தவறை மறைக்க வழியிருந்தும் மறைக்காத பெண், இவருக்காக மறைக்க முன்வருகிறாள். மேடத்துக்கு முகம் சுட்டது. மாணவியாக இருந்தபோது அவரும் ஒரு முனையை உடைத்து, மூச்சுவிடாமல் அடைத்து அனுப்பியிருந்தார். அந்த நோயாளியின் முகம் மறந்துவிட்டது. பல் மட்டும் மறக்கவில்லை.

“வேண்டாம்மா. அந்தத் தாளையே குடு.”

மூன்று கையெழுத்துகளை அடித்தார். ‘பார்க்காமல் இட்டவை’ என்று பக்கத்தில் எழுதி, நேரத்தைக் குறித்தார். பிறகு இருவரும் நாற்காலிக்குப் போனார்கள்.

அதில் இருந்தவர் ஒரு தையல்காரம்மா. முனை உடைந்ததையும், பூனை தானே வந்து அதைச் சொன்னதையும் மேடம் அவரிடம் சொன்னார். “நான் கூட வந்து பாத்திருக்கணும், பாக்கல. இன்னைக்கு எடுக்கப் பாப்போம். வரலன்னா அதைச் சுத்திப் போய் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். அப்பப்ப படம் எடுத்துப் பாக்கணும்.”

தையல்காரம்மா பாதி மரத்த உதட்டால் பேசினார். “ஊசிமுனை உடைஞ்சா நாங்க துணி பூரா தடவுவோம்மா. கெடைக்கலன்னா சொல்லித்தான் குடுக்கணும். இல்லன்னா போட்டுக்கறவங்க முதுகுல குத்துமே!” பூனையைக் காட்டினார். “இந்தப் பொண்ணே பண்ணட்டும். கை நடுங்குது, வாய் நடுங்கல.”

முனை வரவில்லை. ஒன்றரை மணி நேரம் மேடம் தோளோரம் நிற்க, பூனை அதன் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்து அடைத்தாள். மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பட்டியலில் பெயர் வரவில்லை. வருத்தம் இல்லாமலில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் வேர் சுத்தமாக இருந்தது. படிப்பு முடிந்து விடைபெற வந்த பூனையிடம் மேடம் அதைக் காட்டினார்.

“ரொம்ப நன்றி மேடம்” என்றாள்.

“நான்தான்டி உனக்குச் சொல்லணும்.”

இப்போது அவர் நாற்காலி நாற்காலியாக நடக்கிறார். “உங்க கையெழுத்துக்குக் காத்திருந்தே தாடி வளந்துருச்சு மேடம்” என்றான் ஒரு மாணவன்.

“வளரட்டும். வாயத் திறக்கச் சொல்லு, பாக்கணும்.”