பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரு பேசினும்

மாதா கோயிலில் சாமியாருக்கு ஒத்தாசை செய்யும் கோயில்பிள்ளை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் குடில், திருவிழாத் தேர் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். பெரிய வியாழன்தான் ஆளைக் கொல்லும். ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்று பங்குச்சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். தாழ்ச்சியைக் கற்றுக்கொடுக்க ஏற்பட்ட சடங்கு. அதில் உட்கார நடக்கும் சண்டைக்கு எம்.எல்.ஏ. சீட்டுச் சண்டை பரவாயில்லை.

வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்த கால்களோடுதான் வருவார்கள். கழுவுவது வலது கால் மட்டும் என்று தெரிந்து, வலது காலை மட்டும் பியூட்டி பார்லரில் காட்டிவிட்டு வந்தவரும் உண்டு. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய?

ஒரு வருஷம், புதிதாக வந்த சாமியார், கோயில் வாசலில் மீன் விற்கும் ஆரோக்கியம்மாவையும் அதில் உட்காரக் கூப்பிட்டார்.

"ஐஸ் தண்ணில நின்னு நின்னு காலெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. வேணாம் சாமி" என்று மறுத்தவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு முதல் ஆளாக வந்து, கடைசி நாற்காலியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசைக்குச் சற்று முன்னால் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் வந்தார். பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன்காரர்; பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல எல்லோருக்கும் அவர் மிசியே. இந்த முறை பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

"ஏம்மா, இது நான் வருஷா வருஷம் உக்கார்ற எடம். எழுந்திரு."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியம்மா பாதி எழுந்துவிட்டார். இப்போது போனால் மறுபடி கோயிலுக்குள் கால் வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீ உக்காரும்மா. மிசியே, அவங்கள சாமிதான் வரச் சொன்னாரு."

"அப்போ எனக்கு இன்னொரு நாற்காலி போடு."

"ஏசுவுக்குப் பன்னெண்டு சீடருதான் மிசியே!"

சத்தம் கேட்டுச் சாமியார் பூசை உடுப்பு அறையிலிருந்து வெளியே வந்தார். கோபப்படவில்லை. கால் கழுவும் தண்ணீரைப் பிடிக்க என் கையிலிருந்த பித்தளைப் பேசினை வாங்கி மிசியேவிடம் நீட்டினார்.

"நல்ல வேளை வந்தீங்க. பேசின் புடிக்க ஆள் இல்ல."

பேசின் பிடிப்பது காலங்காலமாக என் வேலை. நைசாகப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மிசியே பன்னிரண்டு தடவை குனிந்தார். கடைசியாக ஆரோக்கியம்மாவின் வெடித்த குதிகாலில் தண்ணீர் பட்டதும் அந்தம்மா விசும்பி அழுதார். மிசியே பேசினைக் கீழே வைத்துவிட்டு, சாமியார் தோளிலிருந்த துண்டை வாங்கி அந்தக் காலைத் துடைத்துவிட்டார். எனக்கே கண் கலங்கியது. ஆள் திருந்திவிட்டார், இனி நிம்மதி என்று நினைத்தேன்.

நினைத்ததுதான் மிச்சம். பேசின் பிடிப்பதுதான் உண்மையான தாழ்ச்சி என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைக்க, மறு வருஷம் நாற்காலிகளைச் சீந்த ஆளில்லை. பேசினுக்கு நான்கு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

பூசை முடிந்து தரையில் சிந்திய தண்ணீரைத் துடைக்க மட்டும் ஒருவரும் வருவதில்லை. நான் துடைப்பேன், அந்த வருஷத்திலிருந்து ஆரோக்கியம்மாவும் கூட நின்று துடைக்கிறார். உங்களுக்கு என் ஒரே புத்திமதி: அந்தத் தரை துடைக்கும் மாப்பை ஒளித்து வையுங்கள். அதைப் பற்றி யாராவது பிரசங்கத்தில் பேசிவிட்டால், அதற்கும் போட்டி வந்துவிடும்.