அம்மா வந்த சேதி

எங்கள் வீட்டுக்கு வராத வைரஸ் கிடையாது. சென்னைக்கு மின்சார ரயிலில் தினமும் போய்வருகிற கணவர் வாய்த்தால் அப்படித்தான். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் தும்மிக்கொண்டே ஊர் வந்து சேர்கிறார்கள். சளிக்காய்ச்சல், கண் சிவந்து பீளை தள்ளும் மெட்ராஸ் ஐ, கன்னம் உப்பிப்போகும் பொன்னுக்கு வீங்கி என்று எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் இந்தப் பங்குனியில் அவர் கொண்டுவந்தது எங்களை ஓட ஓட விரட்டிவிட்டது.

சனிக்கிழமை காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுத்தார். ஞாயிறு காலை மார்பில் சிவப்பாக நாலைந்து புள்ளிகள். வேர்க்குரு என்று சொல்லிப் பவுடரை அப்பிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் முதுகு, முகம், தலைமயிருக்குள்ளே எல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். அரிப்பு தாங்காமல் மனிதர் நெளிந்தார். என் மாமியார் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சின்னம்மை.

ஆனால் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். எங்கள் திருத்தணிப் பக்கம் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். 'அம்மா வந்துகீறாங்க' என்பதுதான் மரியாதை. வாசலில் வேப்பிலை ஏறியது, சமையலில் தாளிப்பு நின்றது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக்கூட வேப்பிலை மேல் வைத்துத்தான் மகனுக்குக் கொடுத்தார். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் நான் பயமில்லாமல் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு இளநீர் வாங்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் மாமியார் முகமெல்லாம் சிரிப்பு.

"உன் தங்கச்சி போன் பண்ணிச்சி. அம்மா வந்த சேதிய சொன்னேன். எவ்ளோ சந்தோசம் அதுக்கு! அழுதே பூட்ச்சி. பக்தியான பொண்ணு."

இளநீரைக் கீழே வைத்தேன். அம்மை வந்த சேதி கேட்டு எவளாவது சந்தோஷப்படுவாளா?

"இன்னா சொன்னீங்க அத்த? அப்படியே சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம அம்மா வந்தாங்கன்னேன். கோவமா கீறாங்களான்னு கேட்டுச்சி. இல்லம்மா, சாந்தமா கீறாங்க, பொறுமையா இருந்துட்டுத்தான் போவாங்கன்னேன். இதோ ரயிலு ஏறுறேன்னுச்சி. நீ வரக்கூடாதும்மான்னு சொல்றதுக்குள்ள வெச்சிட்ச்சி."

ஆவடியில் இருக்கும் என் தங்கை, தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் எங்கள் அம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். அவள் பெயரை எடுத்தால் என் போனையும் பட்டென்று வைத்துவிடுவாள். தங்கை இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி என்பதைக்கூட அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அம்மா வந்திருக்கிறார் என்றால் எங்கள் ஊரில் இரண்டு அர்த்தம் என்று தங்கைக்கும் தெரியும். மூன்று வருடமாக ஒரே அர்த்தத்துக்காகக் காத்துக்கிடந்தவள் காதில் மற்றது எப்படி விழும்?

கர்ப்பிணி அம்மை வீட்டுக்குள் வரலாமா! போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. கைகால் கழுவிக்கொண்டு, மாற்றுப் புடவையைச் சுற்றியும் சுற்றாமலும் ஆட்டோவில் ஏறினேன். மலைக்குப் போகிற கூட்டம் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. முருகனைத் தவிர மற்ற எல்லோரையும் திட்டிக்கொண்டே ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். ரயில் அப்போதுதான் நின்றிருந்தது.

தங்கை இறங்கினாள். கையில் ஜவுளிக்கடைப் பை, இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்கக்கா? ஸ்டேஷனுக்கே வந்துட்டாங்களா?"

சொன்னேன். வேறென்ன செய்வது? அவள் சிமெண்ட் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாகப் பேசாமலிருக்கும் அம்மா மேல் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளூர ஒரு நிம்மதி, நல்லவேளை, வாசற்படி மிதிப்பதற்கு முன்பே பிடித்துவிட்டேன் என்று. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை.

"அக்கா, பாவா வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்கு வந்தாரே," என்றாள். என் கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "முருங்கக்கா குடுத்துட்டு, ஒக்காந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போனாரு."

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் மருத்துவர். அங்கே இழுத்துக்கொண்டு ஓடினேன். கொப்புளம் ஞாயிற்றுக்கிழமைதானே வந்தது, வெள்ளிக்கிழமை மனிதர் கல்லுப்போல இருந்தாரே என்று நான் வாதாடிப் பார்த்தேன். மருத்துவர் தலையை ஆட்டினார்.

"கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும்மா. மூச்சுக்காத்து, இருமல், தும்மல் போதும். கொப்புளத்துத் தண்ணி பட்டாலும் வரும். எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டுறவரைக்கும் இதே கதைதான்." பிறகு தங்கையைப் பார்த்தார். "சின்ன வயசுல உங்களுக்கு வந்திருந்தா பெரும்பாலும் பயமில்ல, ஒரு தடவை வந்தா உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்கும். வந்ததே இல்லன்னா நுரையீரல் வரைக்கும் போகலாம், குழந்தைக்கும் ஆபத்து. ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம். தேவைப்பட்டா அதுக்குன்னு ஊசி இருக்கு, சீக்கிரமே போடணும். உங்களுக்கு வந்திருக்கா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் என்னத்தைக் கண்டேன்? எனக்கு என்னுடைய அரிப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்.

ரத்தம் எடுத்து முடித்ததும் வெளி வராந்தாவில் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வெச்சிடாத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சின்னவளுக்கு அம்மை வந்துகீதா?"

அதிசயமாக அம்மா வைக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் மெதுவாக வந்தது.

"வந்துச்சே. ரெண்டு வயசுல. ஒனக்கு எறங்கின ஒடனே அவளுக்கு ஏறிச்சி. ஒடம்புல எடமே இல்ல. சொறிஞ்சிக்கப் போவுதேன்னு ரெண்டு கையையும் புடிச்சிகினு ஒக்காந்துகினே இருந்தேன். எடது காதுக்குப் பின்னாடி வடு இருக்கும் பாரு."

தங்கையின் முடியை ஒதுக்கிப் பார்த்தேன். பருப்பு அளவுக்குச் சின்னக் குழியாக ஒரு வடு. இத்தனை வருடம் கூடவே வளர்ந்தும் என் கண்ணில் பட்டதில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. உள்ளே பார்த்து, "டாக்டர், வந்துகீதாம்! வந்துகீதாம்!" என்று கத்தினேன். ஊசிக்காக உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று பயந்து அழுதது.

"எதுக்குடி கேக்கற?" என்ற அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள், "முழுகாம கீறாளா?" என்றாள்.

"ஆங்மா. ஆறு மாசம்."

தறிச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, "போன அவகிட்ட குடு."

கொடுத்தேன். தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"சாப்டியா?"

ரத்தம் எடுத்த கையோடு, மயக்கம் வரக்கூடாதே என்று நான் வாங்கிக் கொடுத்த நாலு இட்லியையும் சட்னி மிச்சமில்லாமல் அப்போதுதான் முடித்திருந்தாள்.

"இன்னும் இல்லம்மா," என்றாள்.