அவர் போட்ட கோலம்

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பணிக்காலத்தில் பெரும்பகுதியை வடக்கே பனிமலைகளில் கழித்தவர். விடுப்பு கிடைப்பதெல்லாம் கோடையில்தான். அதனால் கோவில்பட்டியில் ஒரு மார்கழியை அவர் முழுசாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. கரிசல் ஈரம் காயவே இல்லை. விடிந்து வெகுநேரம் வரைக்கும் தெருவுக்கு அப்பால் பயிர் நிற்கும் காடு கண்ணுக்குத் தெரியாமல் பனி மூடிக் கிடக்கும். தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். வந்த முதல் வாரமே அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து கம்பளிக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பனிக்கட்டியில கெடந்த மனுசன், நம்ம ஊரு பனிக்கா இந்தப் பாடு படுதீங்க?”

“அங்கன ஒடம்பு பூரா மூடியிருப்போம். இங்கன வேட்டியோடல்லா நிக்குதேன்” என்றார்.

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து எப்படிப் புழங்குவது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. போர்வைகளைச் செங்கல் மாதிரி மடித்து வைப்பார். அடுக்களையில் தம்ளர்களை வரிசையாக நிறுத்துவார். நான் பெருக்க வரும் இடத்திலெல்லாம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். “நான் என்ன செய்ய?” என்று கேட்பார். “சும்மா இருங்க” என்பேன். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

மார்கழி பாதியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே நெஞ்சைப் பிடித்து உலுக்கும் இருமல். பனியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வாசல் பெருக்கும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். தண்ணீர் தெளித்து முடித்து, குல்லாவோடு குத்தவைத்து, கோலப்பொடி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைவிரல்களை விரித்துச் சாண் சாணாகத் தரையை அளந்துகொண்டிருந்தார். பெரிதாக ஒரு சதுரம் போட்டார். அதற்குள் இன்னொரு சதுரம். மூலைகள் நான்கும் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருந்தன.

எதிர்வீட்டுப் பெண் ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, கோலம் போடுதீங்களா, மனை அளக்குதீங்களா?”

“ரெண்டுந்தான் தங்கச்சி” என்றார் தலையைத் தூக்காமல்.

“புள்ளி வைக்காமக் கோடு இழுத்தா இப்பிடித்தான் வரும். மயினிக்கு இன்னும் காய்ச்ச விடலையா?”

“விட்டா நான் ஏன் இங்கன குத்த வச்சிருக்கப் போறேன்?”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தச் சதுரத்தைப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கு மிளகு ரசமும் அவரே வைத்தார். முகாமில் ஒரு கூட்டத்துக்கே சமைத்துப் பழகிய கை. பெரிய குண்டா நிறைய வைத்துவிட்டார். எதிர்வீட்டுக்குக் கொடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ராத்திரிக்கும் எங்களுக்கு ரசம்தான். காரம் கூடுதலாக இருந்தாலும் தொண்டைக்கு இதமாக இருந்தது.

மத்தியானங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஒருநாள் நானாகத்தான் கேட்டேன்.

“பனி விழுந்தா சத்தம் கேக்குமா?”

“கேக்காது. இருக்குத சத்தத்தையும் அது தின்னுரும்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலையில் கதவைத் திறந்தால் பனி சுவராக நிற்குமாம். வெட்டி வழி எடுக்க வேண்டும். அதையே அள்ளிக் காய்ச்சித் தேயிலை போட வேண்டும். சில நாள் அதற்குமேல் வேலையே இருக்காது. விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம்.

“என்ன நெனச்சிக்கிட்டு இருப்பீங்க?”

“நீ இந்நேரம் என்ன செய்வேன்னு. வாசத் தெளிப்பே, பால் வாங்குவே, பிள்ளைக்குச் சட போடுவேன்னு ஒவ்வொண்ணா நெனச்சிக்கிட்டே வருவேன். மத்தியானம் வந்ததும் நின்னு போயிரும். லீவுல வந்தாலும் மத்தியானம் நான் வீடு தங்க மாட்டேன். அதுக்குப் பொறவு நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதுல்லா.”

பெரிதாக எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன்.

“தூங்குவேன்” என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன், சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, “தூங்குவியாக்கும்” என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் காய்ச்சலும் இருமலும் போய்விட்டன. ஆனாலும் பெருக்கித் தெளித்துப் புள்ளி வைப்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. புள்ளிகளை நான் வந்து இழை இழுத்துச் சேர்ப்பேன். தை பிறந்ததும் இருவருமாகக் கழுகுமலைப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டுக்கு உளுந்து பிடுங்கப் போனோம். செடி பூராவும் பனி சொட்டிக்கொண்டு நின்றது.

“இது காய்ஞ்ச பொறவு பிடுங்கினா என்ன?” என்றார்.

“வெயில் ஏறினா நெத்து வெடிச்சிச் சிதறிரும். ஈரத்தோடதான் பிடுங்கணும்.”

சரி என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கு முந்தி வரிசைக்குள் இறங்கினார்.