அம்மா வழியில் வந்த வியாதி

அண்ணாவுக்குக் காலேஜில் படிக்கும்போதே காது மந்தமாகிவிட்டது. பிறகு கால் வீங்கியது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போயிற்று. ஐம்பதுகளின் கடைசி அது. நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். நானும் அம்மாவும் அவனைக் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

டாக்டர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தயிர்போலத் திரிந்தது. "வீட்ல வேற யாருக்காவது காது கேக்காதாங்க?" என்றார்.

"என் தம்பிகள் ரெண்டு பேருக்கும் கேக்காது. சின்ன வயசுலயே உடம்பு வீங்கிப் போயிட்டா" என்றாள் அம்மா. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"காது போறதும் கிட்னி கெடறதும் ஒரே வியாதிம்மா. நான் படிச்சிருக்கேன், பாத்ததில்லை. தாய் வழியா வரும். ஆம்பளைப் பிள்ளைங்களைத்தான் கடுமையாப் பிடிக்கும்."

மருந்து கேட்டாள் அம்மா. உப்பைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தீவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்களுடையது. இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அவர் பார்க்க நினைத்தார். முதலில் அம்மாவின் அக்காவான பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் மகனுக்கும் காது மந்தம். பெரியம்மா வாசலிலேயே மறித்தாள்.

"எங்காத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கறா. போயிட்டு வாங்கோ."

மற்ற வீடுகளிலும் அதே பதில். அதன்பிறகு எங்களோடு பேச்சும் நின்றது. கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசியில் என்னுடைய சிறுநீரை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம்மா. ஆனா பிள்ளை பிறந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். காபியைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள். அம்மா திட்டவில்லை. "எல்லாம் நான் குடுத்தது" என்றாள், சுவரைப் பார்த்து.

அறுபதுகளின் நடுவில் அண்ணா போனான். என் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவன். அவனுக்குப் பிறகு என் முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் யாருமில்லை. அம்மாவும் போனாள். எனக்கு உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. சாயங்காலம் பஸ்ஸில் வந்து பூட்டைத் திறப்பேன். ஒருத்திக்கு மட்டும் சாதம் வைப்பேன்.

ஒரு மழைநாளில் பெரியம்மா வந்து நின்றாள். "என் பிள்ளைக்குக் கால் வீங்கிடுத்து. அந்த டாக்டர் எங்க இருக்கார்?"

அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். "வேற டாக்டர்கிட்ட போகலாம். என்ன வியாதின்னு நான் சொல்றேன்" என்று குடையை எடுத்தேன். அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பாலம் தாண்டினோம்.

அவனும் நெடுநாள் இருக்கவில்லை. பெரியம்மா அதன்பிறகு எப்போதாவது வந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.